சிரிக்காத டாக்டர்

திருவண்ணாமலையில் வேலூர் பஸ் ஏறினால், ஊர் முடிகிற மாதிரி தோன்றும்போது வேங்கிக்கால் வரும். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம். கோயில் பக்கம் சாமியார்களும் வெளிநாட்டுக்காரர்களும் என்றால், இந்தப் பக்கம் ஃபைல் கட்டோடு குமாஸ்தாக்களும் மனுவோடு ஜனங்களும். அங்கே பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே ஒரு காம்பவுண்டுச் சுவர். 'விளம்பரம் செய்யாதீர்' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். 'செய்யாதீர்' என்ற எழுத்தின் மேலேயே ஒரு மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆக, மிச்சம் நின்றது 'விளம்பரம்' மட்டும்.

'ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா? குழந்தை இல்லையா? கவலை வேண்டாம்!' கீழே பரம்பரை வைத்தியரின் படம், மாதத்தில் இன்னின்ன தேதி, இன்ன லாட்ஜ், அறை எண் உட்பட.

நீங்களும் படித்திருப்பீர்கள். படிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் ஆண்கள் ஒதுங்குகிற சுவரிலெல்லாம் இருப்பது இந்த இலக்கியம்தான். எந்த நாவலையும் விட அதிக வாசகர்களைக் கொண்டது. ஆனால் விமர்சகர்கள் யாரும் இதைத் தொடுவதில்லை. இந்த வாரம் நான் தொடுகிறேன்.

முதலில் ஒரு சட்டத் தகவல். இந்த நோட்டீஸே குற்றம். 1954-லேயே மத்திய அரசு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. அதன் மூன்றாவது பிரிவுப்படி, பாலின்பத் திறனைக் கூட்டுவதாகவோ காப்பாற்றுவதாகவோ எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக்கூடாது. முதல் முறை மாட்டினால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். எழுபது வருஷமாகச் சட்டம் இருக்கிறது. எழுபது வருஷமாகச் சுவரும் இருக்கிறது. இரண்டும் சந்தித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சரி, பிரதிக்கு வருவோம். இதை எழுதியவர் சாமர்த்தியசாலி. அவருடைய மூலதனம் லேகியம் அல்ல, 'ஆண்மை' என்கிற ஒரு சொல். உறுப்பு விறைக்காதது ஒரு பிரச்னை. ஆசையே வராதது வேறு பிரச்னை. விந்தணு குறைவாக இருப்பது மூன்றாவது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைவது நாலாவது. நாலுக்கும் காரணம் வேறு, பரிசோதனை வேறு, வைத்தியம் வேறு. சில சமயம் ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றைக் கெடுக்கும். நாம் நாலையும் 'ஆண்மைக் குறைவு' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். சாக்கோடு தூக்கிக்கொண்டு போகிறவன் பிழைக்கிறான்.

வள்ளுவர் 'பேராண்மை' என்ற சொல்லைப் பிறன் மனைவியைப் பார்க்காத பண்புக்குப் பயன்படுத்தினார். பெண் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என்று பெரியார் எழுதினார். அவர் ஹார்மோனைச் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய சொல்லைச் சுருக்கிச் சுருக்கி ஒரு லாட்ஜ் அறைக்குள் கொண்டுவந்து விட்டோம்.

இது எனக்கு வெறும் மொழிப் பிரச்னையாகத்தான் இருந்தது, ஒரு நண்பர் பேசும் வரை. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. வயது நாற்பத்தேழு. பெயர் வேண்டாம். மகள் பத்தாம் வகுப்பு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் போய்விட்டு மறுநாள் காலையில் ஆபீஸ் வருகிறவர். இரண்டு வருஷமாக அது முடியவில்லை. பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறார். ஆபீஸில் மதியம் தலை சாய்கிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல். ஷேவிங் வாரத்துக்கு இரண்டு முறை போதும் என்றாகிவிட்டது. மனைவியைத் தொட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று கணக்கு வைப்பதை நிறுத்திவிட்டார்.

"என் மேல ஏதாவது கோபமாங்க?" என்று அந்த அம்மா ஒருநாள் கேட்டிருக்கிறார். "அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை சார். கோபம்னு சொல்லியிருந்தாக்கூட அவளுக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்றார் நண்பர்.

அவர் முதலில் போனது மஞ்சள் நோட்டீஸுக்கு. எம்.எஸ்ஸி. படித்தவர்தான். படித்தவர்கள் போவதில்லை என்று நினைத்தால் அந்த லாட்ஜ் மாடிப்படியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வைத்தியர் நாடி பிடித்து, "சின்ன வயசுப் பழக்கம், தாது நஷ்டம்" என்றாராம். ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தம் என்கிற பழைய கணக்கு. இந்த பயத்துக்கு நம் நாட்டு மனநல நிபுணர் என்.என்.விக் 1960-லேயே ஆங்கிலத்தில் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார். நோய் என்பது விந்து போவது அல்ல, போய்விட்டதே என்று நடுங்குவதுதான். நண்பர் மூன்று டப்பா லேகியமும், மோதிரத்தை அடகு வைத்த ரசீதுமாகத் திரும்பினார்.

இரண்டாவதாக ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர். நல்லவர், ராசிக்காரர், கூட்டம் அலைமோதும். நண்பர் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்ததும் டாக்டர் சிரித்திருக்கிறார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆண்கள் ஆண்களிடம் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. "பொண்ணு டென்த் படிக்குதுங்கிறீங்க. இன்னும் என்ன சார்? மனசை அண்ணாமலையார் பக்கம் திருப்புங்க." சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கதவருகே நின்ற நர்ஸ் காதில் விழுந்திருக்குமோ என்று இன்றைக்கும் நண்பருக்கு உறுத்தல்.

லாட்ஜ் வைத்தியரைத் திட்டுவது சுலபம். எனக்கு என்னவோ இந்தச் சிரிப்பின் மேல்தான் வருத்தம் அதிகம். போலி வைத்தியரிடம் அனுப்புகிற ஏஜெண்ட் நோட்டீஸ் இல்லை, இந்தச் சிரிப்புதான். லாட்ஜ்காரர் ஏமாற்றினார், ஆனால் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தி, உட்காரவைத்து, இருபது நிமிஷம் கேட்டார். தெரிந்தே பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிற ஆண்கள் அந்த இருபது நிமிஷத்துக்குத்தான் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். விஜய் டி.வி.யில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நடத்தியபோது நாம் பகலில் கிண்டல் செய்துவிட்டு ராத்திரியில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். 2004-ல் அவர் போய்விட்டார். இந்த விஷயத்தை வெட்கப்படாமல் பேசலாம் என்று வீட்டு ஹாலுக்குள் வந்து சொன்ன டாக்டர் அவர்.

மூன்றாவது வைத்தியர் செல்போன். இப்போது மஞ்சள் நோட்டீஸ் நீல வெளிச்சத்தில் வருகிறது. 'உங்கள் டி அளவு குறைவா? பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.' களைப்பாக இருக்கிறதா, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கிவிடுகிறீர்களா, இப்படி. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றுச் சாப்பிடுகிற ஊரில் இதற்கு 'இல்லை' என்று எவன் சொல்வான்? இந்த மாதிரிப் பத்துக் கேள்விப் பட்டியலில் பிரபலமான ஒன்றைத் தயாரித்தவர் ஜான் மார்லி என்கிற அமெரிக்க டாக்டர். ஒரு மருந்துக் கம்பெனிக்காக அதைக் கழிப்பறையில் உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் எழுதியதாக 2013-ல் அவரே நியூயார்க் டைம்ஸிடம் சொன்னார். நம் பஸ் ஸ்டாண்ட் இலக்கியத்துக்கும் அதற்கும் பிறந்த இடம்கூட ஒன்றுதான்.

ஆனால் ஹார்மோன் பொய்யில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தச் சிரிப்பு டாக்டர் மாதிரி ஆகிவிடுவேன். 1889-ல் பாரீஸில் பிரௌன் செக்கார் என்கிற எழுபத்திரண்டு வயதுப் பேராசிரியர் நாய், கினிப்பன்றி இவற்றின் விதைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வாலிபம் திரும்பிவிட்டது என்று அறிவித்தார். அது மனப்பிரமை. எம்.ஜி.ஆர். தங்கபஸ்பம் சாப்பிடுகிறார் என்று நாம் நம்பியது மாதிரி. அசல் சமாசாரம் 1935-ல்தான் கிடைத்தது. ஆம்ஸ்டர்டாமில் டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். அதே வருஷம் புட்டெனான்ட், ருஸிகா இருவரும் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார்கள். இருவருக்கும் 1939-ல் வேதியியல் நோபல். உடம்பு சுரக்க மறுத்தால் வெளியிலிருந்து கொடுக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின், தைராய்டு குறைந்தவருக்கு மாத்திரை என்பது போல இதுவும் ஒரு பற்றாக்குறை வைத்தியம். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பற்றாக்குறை இருக்க வேண்டும்.

இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஒரு டாக்டர் வேண்டும். அவரை எங்கே தேடுவது? இதுதான் வேடிக்கை. அவர் கிளினிக் போர்டில் 'டெஸ்டோஸ்டிரோன்' என்று இருக்காது. 'சர்க்கரை நோய், தைராய்டு சிறப்பு மருத்துவர்' என்று இருக்கும். படிப்பின் பெயர் எண்டோகிரைனாலஜி. ஊரில் அவரை 'சுகர் டாக்டர்' என்பார்கள். ஆணின் ஹார்மோனும் அவருடைய பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. யூராலஜிஸ்டுகளிலும் இதை நன்றாகப் பார்க்கிறவர்கள் உண்டு. திருவண்ணாமலைக்காரருக்கு வேலூர் எண்பது சொச்சம் கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். பாண்டிச்சேரி இன்னும் கொஞ்சம் தூரம். நண்பர் ஒருநாள் லீவ் போட்டுவிட்டு வேலூர் போனார். வீட்டில் 'சுகர் செக்கப்' என்று சொல்லிவிட்டு.

அந்த டாக்டர் சிரிக்கவில்லை. கேள்வி கேட்டார். குறட்டை உண்டா? தலையில் அடிபட்டதுண்டா? மல்லிகைப்பூ வாசனை தெரிகிறதா? பார்வையில் ஓரங்கள் மங்குகிறதா? வலி மாத்திரை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து என்னென்ன சாப்பிடுகிறீர்கள்? பதினாலு, பதினைந்து வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததுண்டா?

"வந்தது சார். கழுத்துல அம்மாவோட செயினைப் போட்டு விட்டாங்க."

"கீழேயும் வீங்கிச்சா?"

நண்பருக்கு முப்பது வருஷம் முந்திய ஒரு வாரம் ஞாபகம் வந்தது. நடக்க முடியாமல் படுத்திருந்தது, யாரிடமும் சொல்லாதே என்று பாட்டி சொன்னது. பருவம் வந்தபின் பையன்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால் சிலருக்கு விதைப்பையையும் தாக்கும். வீக்கம் வடிந்தபின் விதை சுருங்கிப்போவதுண்டு. பிறகு ஒரு குழந்தை பிறக்கிற அளவுக்குத் தாக்குப்பிடித்து, நாற்பதுக்கு மேல் தளர்ந்துபோகவும் கூடும். வயசாகிவிட்டது என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்ன விஷயத்துக்கு வேர் பத்தாம் வகுப்புக் காலத்தில் இருந்தது. (2017-ல் தமிழ்நாட்டில் பெரிய அளவில் போட்ட எம்.ஆர். தடுப்பூசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான். பொன்னுக்கு வீங்கி அதில் இல்லை. எம்.எம்.ஆர். என்று தனியாகக் காசு கொடுத்துப் போட வேண்டியிருந்தது. பெற்றோர்கள் குழந்தைகள் டாக்டரைக் கேளுங்கள்.)

அன்றைக்கு அவர் மருந்தே எழுதவில்லை. எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான். காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொன்னார். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து சாயங்காலம் இறங்குகிற சரக்கு. மதியம் மூன்று மணிக்கு எடுத்த ரத்தத்தை வைத்து ஊசி எழுதுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். ஒரு தடவை குறைவாக வந்தாலும் போதாது, இன்னொரு நாள் காலையில் திரும்ப எடுக்க வேண்டும். காய்ச்சலோ, தூக்கமில்லாத இரவோ கூட அளவை இறக்கிவிடும். கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின். கோளாறு தொழிற்சாலையிலா, மூளையில் இருக்கிற மேனேஜர் ஆபீஸிலா என்று இவை சொல்லிவிடும். மேனேஜர் பெயர் பிட்யூட்டரி. அங்கே சின்னக் கட்டி இருந்து புரோலாக்டின் ஏறியிருந்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சரியாகும். அதைப் பார்க்காமல் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டே போனால் கட்டி பாட்டுக்கு வளரும்.

ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 264-லிருந்து 916 நானோகிராம் வரை இயல்பு என்று 2018-ல் அமெரிக்க எண்டோகிரைன் சங்கத்தின் வழிகாட்டி சொன்னது. நண்பருக்கு இரண்டு காலையும் இருநூறைத் தாண்டவில்லை. எல்.எச். ஏறியிருந்தது. மேனேஜர் கத்திக்கொண்டிருக்கிறார், தொழிற்சாலையில் ஆளில்லை.

அப்போதும் டாக்டர் எழுதவில்லை. "இன்னொரு குழந்தை வேணும்னு எண்ணம் இருக்கா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேருடைய வாழ்க்கை இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து போனால், போதும் போதும் என்று மூளை மேனேஜரை உட்காரவைத்துவிடும். விதையில் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1990-ல் வெளியான முடிவு: வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு விந்தணு பூஜ்ஜியத்துக்கு வந்தது. நிறுத்தினால் மாதக்கணக்கில் காத்திருந்து திரும்பும். ஆனால் 'குழந்தை இல்லையா?' என்று கேட்டுக்கொண்டு வருகிற ஓர் இளைஞனுக்கு ஜிம்மில் யாரோ இதே ஊசியை 'ஆண்மைக்கு நல்லது' என்று போட்டுவிட்டால்? அவன் தினமும் தன் கையாலேயே தொட்டிலைத் தள்ளிவைத்துக்கொண்டிருப்பான். ஒரே சொல்லில் நாலு வியாதியைக் கட்டியதன் விலை இது.

இந்த இடத்தில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' ஞாபகம் வருகிறது. 2010-ல் வந்த நாவல். பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும். 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்து, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தச் சண்டை முழுக்க ஊர் மானம், பெண் மானம். காளியின் உடம்பைப் பற்றி யாராவது பேசினார்களா? குறை அவனிடம் இருக்கலாம் என்பதை நாம் பேசத் தயாரில்லை. அர்த்தநாரீஸ்வரர் திருச்செங்கோட்டில் மட்டுமில்லை, திருவண்ணாமலையிலும் தீபத்தன்று சாயங்காலம் சில நிமிஷம் வெளியே வந்துவிட்டு உள்ளே போய்விடுவார். அதற்கு லட்சக்கணக்கில் கூடுகிறோம். ஆண் உடம்பிலும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது, பெண்ணின் சினைப்பையிலும் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. சாமிக்குச் சரி என்றால் நமக்கு மட்டும் என்ன?

நண்பர் குழந்தை வேண்டாம் என்றார். மனைவியைக் கேட்டீர்களா என்றார் டாக்டர். கேட்கவில்லை. "அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க." இப்படியாக 'சுகர் செக்கப்' பொய் கலைந்தது. அந்த அம்மா அழுதாராம், கோபம் இல்லை என்று தெரிந்ததில்.

ஜெல், ஊசி இரண்டையும் விளக்கினார். தோளில் பூசுகிற ஜெல் வீட்டில் பெண்கள், குழந்தைகள் மேல் பட்டுவிடக்கூடாது. அதனால் எண்ணெய் ஊசி. ஆரம்ப டோஸ்களுக்குப் பின் பத்திலிருந்து பதினாலு வாரத்துக்கு ஒன்று. இடுப்புக்குக் கீழே மெதுவாகப் போட்டு அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்புகிறார்கள். ஊசியோடு கண்காணிப்பும் உண்டு. ரத்தம் கெட்டியாகிறதா, ஹிமேட்டோகிரிட் 54-ஐத் தாண்டுகிறதா, புராஸ்டேட் அளவீடு எப்படி என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஊசியை மட்டும் விற்கிறவர் டாக்டர் இல்லை, கடைக்காரர்.

மாரடைப்பு வருமே என்று பயமுறுத்துகிறவர்களுக்கு: 2023-ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து வந்த ஆய்வில், இதய அபாயம் உள்ளவர்களுக்குக்கூட மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புத் தாறுமாறாவதும் நுரையீரலில் ரத்தம் உறைவதும் சற்று அதிகம். ஊசி போட்டால் இருபது வயது திரும்பும் என்கிறவர்களுக்கு: 2016-ல் அறுபத்தைந்து வயது தாண்டிய 790 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஆசை ஓரளவு கூடியது. களைப்பு தீர்ந்ததா என்றால், சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. வெறும் வயோதிகத்துக்கு இது அனுமதிக்கப்பட்ட மருந்தில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015-லேயே லேபிளை மாற்றச் சொல்லிவிட்டது. நாற்பதைத் தாண்டி, தொப்பையும் சர்க்கரையும் உள்ள பலருக்கு அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர்களுக்கு எடையைக் குறைத்தால் தானாக ஏறலாம். அதைச் சொல்லி ஊசி போடாமல் திருப்பி அனுப்புகிறவரும் நல்ல டாக்டர்தான். சிரிக்காமல் அனுப்பினால்.

எட்டு மாதம் ஆகிறது. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை என்கிறார் நண்பர். ஷேவிங் தினம் செய்ய வேண்டியிருக்கிறது, பிளேடு செலவு. மதியத் தூக்கம் போய்விட்டது. போன பௌர்ணமிக்குக் கிரிவலம் முழுசும் நடந்தார், குபேர லிங்கத்தருகே ஒரே ஒரு டீ. மற்றதை நான் கேட்கவில்லை. அவர் மனைவி எனக்கு இரண்டாவது தோசை வைத்தபோது இருவரும் பேசிக்கொண்ட விதத்திலிருந்து தெரிந்தது.

அடுத்த ஊசி கார்த்திகை தீபத்தன்று வருகிறது. அன்றைக்கு வேங்கிக்காலில் பஸ் ஏறுவது ஆகாத காரியம். ஒரு வாரம் முன்னாடியே வந்து போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டருக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். தாராளமாக வாங்க, வரும்போது காலையில் எதுவும் சாப்பிடாமல் வாங்க, ரத்தம் எடுக்கணும் என்றாராம்.